ஒளியைச் சுமந்து சென்றவர்: சாமிக்கண்ணு வின்சென்ட்

நுழையும்முன்

கையடக்கக் கருவியின் திரையில் விரும்பிய நேரத்தில் விரும்பிய படத்தைக் காணும் காலம் இது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், நகரும் படம் என்பது மக்கள் கண்டிராத விந்தை. அதைக் காட்டுவதற்குக் கருவி வேண்டும், ஒளி வேண்டும், மக்கள் அமர்வதற்கு இடம் வேண்டும். இம்மூன்றையும் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றவர் கோவையைச் சேர்ந்த ஓர் எளிய ரயில்வே ஊழியர். அவருடைய வாழ்க்கை, தமிழகத்தில் திரையரங்கு என்னும் பொதுக் கலைக்கூடம் உருவான வரலாறும் ஆகும்.

இருப்புப்பாதைக் காலத்து இளைஞர்

சாமிக்கண்ணு வின்சென்ட் 1883ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கோயம்புத்தூரில் பிறந்தார். கல்விக்குப் பின் திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வே நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். அங்கு அவருக்குக் கிடைத்த மாத ஊதியம் 25 ரூபாய். அக்காலத்தில் அது ஒரு குடும்பம் கவலையின்றி வாழப் போதுமான வருவாயாகும். மாதந்தோறும் தவறாமல் வரும் ஊதியம், ஊரார் தரும் மதிப்பு, பணிப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் ரயில்வே வேலையில் ஒருங்கே அமைந்திருந்தன.

அப்போது தென்னகத்தின் முகத்தை இருப்புப்பாதை மாற்றிக்கொண்டிருந்தது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து கொல்லம் வரை செல்லும் பாதை 1904ஆம் ஆண்டில் நிறைவுற்றது. குற்றாலச் சாரலில் நனையும் சிற்றூர்களும் தொலைவிலுள்ள நகரங்களோடு இணைந்தன. நெல்லும் பருத்தியும் மட்டும் அவ்வழியே செல்லவில்லை. நாடகக் குழுக்களும் வித்தைக் குழுக்களும் தம் மூட்டை முடிச்சுகளுடன் ரயிலேறின. ஓர் ஊரில் இன்று ஆடிய குழு, மறுநாள் நூறு கல் தொலைவுக்கு அப்பால் திரைச்சீலை கட்ட முடிந்தது. பின்னாளில் வின்சென்ட் மேற்கொண்ட பயணங்களுக்கும் இந்த இருப்புப்பாதைகளே துணை நின்றன.

நகரும் படக்கலை அப்போது பத்து வயதுக் குழந்தை. 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிசு நகரில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு மக்களுக்குப் படம் காட்டினர். அடுத்த ஆண்டு ஜூலை 7ஆம் நாள் பம்பாயின் வாட்சன் விடுதியில் அப்படங்கள் திரையிடப்பட்டன. அதன்பின் ஐரோப்பியர் சிலர் கருவியும் சுருள்களுமாக இந்திய நகரங்களைச் சுற்றிவந்தனர். அவர்களுள் ஒருவர் டூபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரர்.

தொண்ணூறு மாத ஊதியம்

1905ஆம் ஆண்டு டூபான்ட் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். இயேசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படம் உள்ளிட்ட சில சுருள்கள் அவரிடம் இருந்தன. வந்த இடத்தில் அவர் நோய்வாய்ப்பட்டார். பயணத்தைத் தொடர இயலாத நிலையில், கருவியையும் சுருள்களையும் விற்றுவிட்டுத் தாய்நாடு திரும்ப விரும்பினார். அவற்றின் விலை 2,250 ரூபாய்.

இத்தொகையை வின்சென்டின் ஊதியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அவருடைய முடிவின் அளவு விளங்கும். ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேமித்தாலும், அத்தொகையைச் சேர்க்க அவருக்குத் தொண்ணூறு மாதங்கள், அதாவது ஏழரை ஆண்டுகள் ஆகும். வாங்கும் பொருளோ மக்களுக்குப் பழக்கமில்லாதது. பழுதானால் சீர்செய்ய அருகில் ஆளில்லை. சுருள் அறுந்தால் மாற்றுச் சுருளுக்குக் கடல் கடந்து எழுத வேண்டும். புதுமை தீர்ந்தபின் மக்கள் வருவார்களா என்பதும் உறுதியில்லை. இத்தனையும் எதிரே நிற்க, இருபத்திரண்டு வயது இளைஞர் அக்கருவியை வாங்கினார். ரயில்வே வேலையைத் துறந்தார். திருச்சிராப்பள்ளியில் படங்காட்டத் தொடங்கினார்.

துணிவு என்பது இழப்பை எண்ணிப் பாராமல் பாய்வதன்று. இழக்கக்கூடியது எவ்வளவு என்று அறிந்தபின்னும் அடியெடுத்து வைப்பது. ரயில்வே அலுவலகத்தில் எண்களோடும் அளவுகளோடும் பழகியவர் வின்சென்ட். தாம் எதை இழக்கக்கூடும் என்பதை அவர் அறியாதிருந்திருக்க இயலாது.

கூடாரம் என்னும் கலைக்கூடம்

வின்சென்டின் திரையரங்கு ஒரு கூடாரம். மாலையில் எழும், ஆட்டங்கள் முடிந்தபின் சுருட்டப்பட்டு அடுத்த ஊருக்குப் புறப்படும். அக்காலத்துக் கூடாரத் திரையரங்குகளின் அமைப்பு ஏறத்தாழ ஒரே வகையினது. நடுவே கம்பங்கள் நட்டு மேலே துணி வேயப்படும். ஒரு முனையில் வெண்திரை கட்டப்படும். தரையில் அமர்வோருக்கு ஒரு கட்டணம், பலகையில் அமர்வோருக்கு ஒரு கட்டணம், நாற்காலிக்கு ஒரு கட்டணம் என வகுக்கப்பட்டிருக்கும். பகலில் பறையொலியோடு அறிவிப்பாளர் தெருக்களைச் சுற்றிவருவார். அச்சிட்ட துண்டறிக்கைகள் வழங்கப்படும்.

மின்வசதி இல்லாத அந்நாளில் படங்காட்டுதல் எளிய செயலன்று. வாயுச் சுடரால் சுண்ணக்கட்டியைச் சூடேற்றி, அதிலிருந்து பிறக்கும் வெண்ணொளியைக் கண்ணாடி வில்லை வழியாகத் திரைக்குச் செலுத்தும் முறை பல இடங்களில் வழக்கிலிருந்தது. கருவியைக் கையால் சுழற்ற வேண்டும். ஒரு நொடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் ஒளியின் முன் கடந்தால்தான் உருவங்கள் இயல்பாக நடப்பதுபோலத் தோன்றும். வேகமாகச் சுழற்றினால் நடப்பவர் ஓடுவார். மெதுவாகச் சுழற்றினால் ஓடுபவர் தவழ்வார். 1,000 அடி நீளமுள்ள ஒரு சுருள் கால்மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாக ஓடும். அவ்வளவு நேரமும் சுழற்றுபவரின் கை ஒரே சீராக இயங்க வேண்டும்.

சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையைச் சேர்ந்தவை. வெப்பமிக்க விளக்கின் முன்னே சுருள் சற்று நின்றாலும் தீ மூளும். மேலே துணிக்கூரை, கீழே நெருக்கமாக அமர்ந்த மக்கள். ஆகவே படங்காட்டுபவர் கலையை அறிந்தவராக இருந்தால் மட்டும் போதாது. எந்நேரமும் விழிப்புடன் இருப்பவராகவும் இருக்க வேண்டும்.

அப்படங்கள் பேசாதவை. ஆயினும் கூடாரம் அமைதியாக இருந்ததில்லை. திரையருகே நின்று கதையை விளக்குபவர் ஒருவர் இருப்பார். ஆர்மோனியமும் தபேலாவும் காட்சிக்கேற்ப ஒலிக்கும். சுருள் மாற்றும் இடைவேளையில் ஆடல், பாடல், வித்தை போன்றவை இடம்பெறும். தெருக்கூத்தும் தோற்பாவைக்கூத்தும் பார்த்துப் பழகிய மக்களுக்குப் புதிய கலை, பழைய கலைகளின் கைகளைப் பற்றிக்கொண்டே அறிமுகமாயிற்று.

தெரியுமா?

திரைப்படக் காட்சிகளுக்கான பாதுகாப்பு, தணிக்கை ஆகியவற்றை முறைப்படுத்த இந்திய அரசு 1918ஆம் ஆண்டில் ஒளிப்படக்காட்சிச் சட்டத்தை இயற்றியது. அதற்கு முன்னர், வின்சென்ட் போன்றோர் பயணம் செய்த ஆண்டுகளில், மக்களின் பாதுகாப்பு பெரிதும் படங்காட்டுபவரின் பொறுப்புணர்வையே சார்ந்திருந்தது.

எல்லைகள் கடந்த பயணம்

திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய பயணம் விரைவில் விரிந்தது. கூடாரத்துடனும் கருவியுடனும் வின்சென்ட் வடக்கு நோக்கிச் சென்றார். பம்பாய், லக்னோ, லாகூர், பெஷாவர் எனப் பல நகரங்களில் படம் காட்டினார். அதையும் கடந்து ஆப்கானிஸ்தான் வரை சென்றார். கிழக்கே பர்மா, மலேயா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளுக்கும் அவருடைய பயணம் நீண்டது. மொழி அறியாத ஊர்களிலும் அவர் தொழில் நடந்தது. பேசாப்படத்திற்கு மொழி எல்லை இல்லை என்பது அவருக்குத் துணையாயிற்று.

இப்பயணங்கள் அவருக்கு வருவாயை மட்டும் தரவில்லை. எந்தக் காட்சிக்கு மக்கள் சிரிக்கின்றனர், எங்கே கண்கலங்குகின்றனர், எப்போது பொறுமை இழக்கின்றனர் என்பதைப் பல நாட்டு மக்களிடையே நேரில் கண்டறிந்தார். பார்வையாளரை அறிதலே திரையரங்கு நடத்துபவரின் முதற்கல்வி. அக்கல்வியை அவர் கூடாரத்தின் வாயிலில் நின்று கற்றார்.

1909ஆம் ஆண்டு சென்னைக்குத் திரும்பி, எஸ்பிளனேடு பகுதியில் கூடாரம் அமைத்துப் படங்களைத் திரையிட்டார். பிரான்சு நாட்டின் பாத்தே நிறுவனத்தின் படங்காட்டும் கருவிகளை விற்கும் முகவராகவும் விளங்கினார். அவரிடம் கருவி வாங்கியோர் தாமும் கூடாரத் திரையரங்கு நடத்தத் தலைப்பட்டனர். போட்டியாளர் பெருகுவார்களே என அவர் அஞ்சவில்லை. தாம் ஒருவராகச் சென்றடைய முடியாத ஊர்களுக்கும் ஒளி சென்றடைய அவர் வழிவகுத்தார்.

வெரைட்டி ஹால்

ஊர் ஊராகச் சென்றவர் தம் சொந்த ஊரில் நிலையாக ஓர் அரங்கம் எழுப்ப எண்ணினார். 1914ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் அரங்கத்தைக் கட்டினார். தென்னிந்தியாவில் இந்தியர் ஒருவர் எழுப்பிய தொடக்ககால நிலையான திரையரங்குகளுள் அது ஒன்றாகும். அதற்கு முந்தைய ஆண்டில்தான் தாதாசாகிப் பால்கேயின் 'ராஜா அரிச்சந்திரா' பம்பாயில் வெளியாகியிருந்தது. இந்தியப் படங்கள் அரிதாக இருந்த அக்காலத்தில், படங்களுக்கென்றே ஒரு கட்டடம் எழுப்புவது மற்றுமொரு துணிவுச் செயலாகும்.

அரங்கின் பெயரே அதன் நோக்கத்தைக் காட்டுகிறது. பல்வகை நிகழ்ச்சிகள் நடைபெறும் மன்றம் என்பது அப்பெயரின் பொருள். வெளிநாட்டுப் படங்கள் திரையிடப்பட்ட அதே இடத்தில் நாடகங்களும் மேடையேறின. வெண்திரையை விலக்கினால் நாடக மேடை. மீண்டும் கட்டினால் படக்காட்சி. ஒரே கூரையின்கீழ் இரு கலைகளும் வாழ்ந்தன. நாடகம் பார்க்க வந்தவர் படத்தை அறிந்தார். படம் பார்க்க வந்தவர் நாடகத்தை மறக்கவில்லை.

அக்காலத்துக் கோயம்புத்தூர் நூற்பாலை நகரமாக வளர்ந்துகொண்டிருந்தது. சிற்றூர்களிலிருந்து வேலை தேடி வந்தவர்களுக்கு ஊர்த்திருவிழாவும் கூத்தும் தொலைவாகிவிட்டன. உழைத்துக் களைத்தவர்கள் மாலையில் கூடிச் சிரிக்கவும் வியக்கவும் ஓர் இடம் தேவைப்பட்டது. அத்தகைய மக்களுக்கும் வெரைட்டி ஹாலின் கதவு திறந்திருந்தது.

திரையரங்கு செய்த சமூகப் பணி ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. அதற்கு முன்னர், யார் எங்கே நிற்கலாம், யார் எதைப் பார்க்கலாம் என்பதைப் பல இடங்களில் பிறப்பே முடிவு செய்தது. திரையரங்கில் இருக்கையை முடிவு செய்தது நுழைவுச்சீட்டு. பணத்தால் ஏற்படும் வேறுபாடு அங்கும் இருந்தது உண்மையே. ஆயினும், தமிழ்ச் சமூகத்தின் எல்லாப் பிரிவினரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரே காட்சியைக் காணும் வாய்ப்பை முதன்முதலில் பெரிய அளவில் தந்தது திரையரங்கே என்று அறிஞர் கா. சிவத்தம்பி தம் ஆய்வில் எடுத்துக்காட்டியுள்ளார். விளக்கு அணைந்ததும் அருகில் இருப்பவர் யார் என்ற கேள்வி மறைந்தது. அனைவர் கண்களும் ஒரு திசையை நோக்கின.

ஓர் இயந்திரம், பல பயன்கள்

பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தது 1930களின் தொடக்கத்தில்தான். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் தம் அரங்கிற்கு ஒளியூட்ட வின்சென்ட் மின்னாக்கி இயந்திரத்தை நிறுவினார். படக்காட்சிகள் நடப்பது மாலையிலும் இரவிலும் மட்டுமே. பகலில் உறங்கும் ஆற்றலை வீணாக்க அவர் விரும்பவில்லை. மின்னாற்றலால் இயங்கும் அரிசி ஆலையையும் அச்சகத்தையும் தொடங்கினார்.

இம்முயற்சிகள் தனித்தனியானவை அல்ல. ஒன்று மற்றொன்றைத் தாங்கி நின்றன. படத்திற்கு மக்களை அழைக்கத் துண்டறிக்கை தேவை; அச்சகம் அதை அளிக்கும். மழைக்காலத்தில் கூட்டம் குறையலாம். ஆலையின் வருவாய் அதை ஈடுசெய்யும். கலையை மட்டும் நம்பி நடத்தப்படும் அரங்கம் ஒரு பருவம் பொய்த்தால் மூடப்படும். அதைச் சுற்றி உறுதியான தொழில்களை அமைத்தால் அரங்கின் விளக்கு அணையாது. தனியொருவர் நடத்தும் சிறிய கலைக்கூடம் நிலைத்திருக்க வேண்டுமானால் கலையார்வத்தோடு கணக்கறிவும் வேண்டும் என்பதை வின்சென்டின் வாழ்க்கை உணர்த்துகிறது.

வெரைட்டி ஹாலோடு அவர் நின்றுவிடவில்லை. கோயம்புத்தூரில் எடிசன் என்னும் பெயரில் மற்றோர் அரங்கத்தையும் நடத்தினார். மின்விளக்கை மக்களிடம் சேர்த்தவரும் படக்கருவி வளர்ச்சியில் பங்காற்றியவருமான அறிவியலாளரின் பெயரைத் தம் அரங்கிற்குச் சூட்டியது பொருத்தமாகவே அமைந்தது.

பேசத் தொடங்கிய திரை

1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் 'காளிதாஸ்' வெளியாயிற்று. டி. பி. ராஜலட்சுமி நடித்த அப்படத்தின் வழியே திரை தமிழில் பேசியது. இம்மாற்றம் பேசாப்படக் காலத்தினர் பலருக்குச் சோதனையாக வந்தது. பழைய கருவிகள் பயனற்றுப் போயின. ஒலிக்கருவிகளின் விலை மிகுதி. கதை விளக்குபவர்களும் இசைக்கலைஞர்களும் வேலை இழந்தனர். அப்போது வின்சென்டிற்கு நாற்பத்தெட்டு வயது. ஒதுங்கிக்கொள்ள நினைத்திருந்தால் அவரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

அவர் ஒதுங்கவில்லை, படங்காட்டுபவராக இருந்தவர் படம் எடுப்பவராக மாறினார். தமிழகத்தில் ஒலிப்பதிவு வசதியுடைய படப்பிடிப்புத் தளம் அப்போது இல்லை. ஆகவே கல்கத்தாவின் பயனீர் நிறுவனத்துடன் இணைந்து 1933ஆம் ஆண்டில் 'வள்ளி திருமணம்' படத்தை உருவாக்கினார். பி. வி. ராவ் இயக்கிய அப்படத்திலும் டி. பி. ராஜலட்சுமியே நாயகி. தமிழ் நாடக மேடையில் மக்கள் பலமுறை கண்டு மகிழ்ந்த கதை அது. நாடகத்திற்கும் படத்திற்கும் ஒரே அரங்கில் இடமளித்தவருக்கு அக்கதையின் வலிமை நன்கு தெரிந்திருந்தது. படம் பெரும் வெற்றி பெற்றது. 1935ஆம் ஆண்டில் 'சுபத்ரா பரிணயம்' வெரைட்டி ஹால் டாக்கீஸ் பெயரில் வெளிவந்தது.

தமிழ்ப் படத்திற்காகத் தமிழ்க் கலைஞர்கள் கல்கத்தாவிற்கும் பம்பாய்க்கும் செல்ல வேண்டியிருந்த நிலை மாறத் தொடங்கிய காலம் அது. சென்னையில் 1934ஆம் ஆண்டு ஒலிப்படத் தளம் உருவாயிற்று. அடுத்த ஆண்டு கோயம்புத்தூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ தோன்றியது. அதனை நிறுவியோருள் வின்சென்டும் ஒருவர். எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்துப் புகழ்பெற்ற 'ஹரிதாஸ்' பிற்காலத்தில் அங்குதான் உருவாக்கப்பட்டது. ஒரு காலத்தில் வெளிநாட்டுப் படங்களுக்குக் காத்திருந்த நகரம், தானே படங்களை உருவாக்கும் நகரமாயிற்று.

நிறைவு

சாமிக்கண்ணு வின்சென்ட் 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் மறைந்தார். அவர் எழுப்பிய வெரைட்டி ஹால் பின்னாளில் டிலைட் என்னும் பெயரில் பல்லாண்டுகள் இயங்கியது. இன்று அக்கட்டடம் இல்லை. எனினும் அது நின்ற சாலை இன்றும் வெரைட்டி ஹால் சாலை என்றே வழங்கப்படுகிறது. நாள்தோறும் அச்சாலையைக் கடப்போர் பலர். அப்பெயருக்குப் பின்னால் உள்ள வாழ்க்கையை அறிந்தோர் சிலர்.

கட்டடம் மறைந்தாலும் அவர் தொடங்கி வைத்த வழி நெடுங்காலம் தொடர்ந்தது. அறுவடை முடிந்த வயல்களிலும் ஊர்ப்புறத் திடல்களிலும் சுற்றுலாக் கூடாரத் திரையரங்குகள் எழுந்தன. நகரத்துப் பெரிய அரங்குகளுக்குச் செல்ல வசதியற்ற மக்கள், மணலைக் குவித்து மேடாக்கி அமர்ந்து படம் பார்த்தனர். தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசை போன்ற சிற்றூர்களில் வாழ்வோரும் உலகைக் காண வேண்டுமெனில், உலகம்தான் அவர்களை நாடி வர வேண்டும். இவ்வுண்மையைத் தமிழகத்தில் முதலில் உணர்ந்து செயல்பட்டவர்களுள் வின்சென்ட் முன்னவர்.

இன்று பல ஊர்களில் சிறிய திரையரங்குகள் மூடப்பட்டு, திருமண மண்டபங்களாகவும் வணிக வளாகங்களாகவும் மாறி வருகின்றன. படம் ஒவ்வொருவர் கைக்கும் வந்துவிட்டது; ஆனால், முன்பின் அறியாதவரோடு ஒன்றாக அமர்ந்து ஒரே நகைச்சுவைக்குச் சிரிக்கும் வாய்ப்பு அருகி வருகிறது. ஓர் ஊருக்குப் பள்ளியும் நூலகமும் தேவைப்படுவதுபோல, மக்கள் கூடிக் கலையை நுகர ஒரு பொது அரங்கமும் தேவை. இருபத்தைந்து ரூபாய் ஊதியத்தைத் துறந்து ஓர் இளைஞர் தோளில் ஏற்றிக்கொண்ட சுமை, அந்தத் தேவையை நிறைவேற்றுவதற்கானது. நம் ஊரில் எஞ்சியிருக்கும் அரங்குகளையும் மேடைகளையும் மதித்துக் காப்பது அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.